உங்களுக்குத் தெரியுமா? தேடல் பெட்டிக்கு 2,000 கோடி டாலர்!

ஐபோனின் சஃபாரி உலாவியில் எதைத் தேடினாலும் கூகுள்தான் பதில் சொல்கிறது. அந்த இடத்தில் இருப்பதற்காக 2022-இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர்!

• அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த வழக்கின் ஆவணங்களில் வெளிவந்த கணக்கு இது. செட்டிங்ஸில் போய் வேறு தேடுபொறிக்கு யாரும் மாறிக்கொள்ளலாம். ஒரு நிமிட வேலை. பெரும்பாலோர் மாறுவதில்லை. போனோடு வந்ததை அப்படியே வைத்துக்கொள்ளும் நம் பழக்கத்துக்குத்தான் இத்தனை விலை.

• அந்த வழக்கில், தேடல் சந்தையில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார்.

• நம் நாட்டுக் கதை ஆண்ட்ராய்டில். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்ற செயலிகளையும் சேர்த்தே போனில் ஏற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர்களுக்கு இருந்த நிபந்தனை. வாங்குபவரை யாரும் கேட்கவில்லை! இதற்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு விதித்த அபராதம் ரூ.1,337.76 கோடி.

• அதன்பின், 2023 ஜனவரியில் கூகுள் அறிவித்தது: இந்தியாவில் புது ஆண்ட்ராய்டு போனைத் தயார்செய்யும்போதே எந்தத் தேடுபொறி வேண்டும் என்று கேட்கும் திரை வரும்.