அபராதம் மட்டும் போதுமா?

சீட் பெல்ட் அணியாமல் கார் ஓட்டினால் ரூ.100 ஆக இருந்த அபராதம், 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தால் ரூ.1,000 ஆக உயர்ந்தது. கைப்பேசியைக் கையில் வைத்துப் பேசியபடி ஓட்டினால் ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை, சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஆயினும் இவ்விரு மீறல்களையும் சாலையில் அன்றாடம் காண்கிறேன்.

பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1968-இல் அளித்த விளக்கம் இங்கே பொருந்தும். விதியை மீறுபவர் அபராதத் தொகையை மட்டுமன்றி, பிடிபடும் வாய்ப்பையும் எடைபோடுகிறார். ஆயிரம் முறை மீறி ஒரு முறைதான் பிடிபடுவோம் என்றால், ஆயிரம் ரூபாய் அபராதத்தின் விலை முறைக்கு ஒரு ரூபாயே!

சீட் பெல்ட் அணிவது பயணத்துக்கு ஒரு முறை எடுக்கும் முடிவு, அணியாவிட்டால் எச்சரிக்கை மணி ஒலிக்கும், வெளியிலிருந்தும் தெரியும். கைப்பேசியோ ஒவ்வோர் அழைப்பிலும் ஓட்டுநரைச் சோதிக்கிறது; மடியில் மறைத்தும் பார்க்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி திரையைப் பார்த்தால், கார் 50 மீட்டர் தொலைவைப் பார்வையின்றிக் கடக்கிறது.

சீட் பெல்ட் அணியாதவர் பெரும்பாலும் தம் உயிரையே பணயம் வைக்கிறார். கைப்பேசியில் ஆழ்ந்தவர் பணயம் வைப்பது, சாலையைக் கடக்கும் பிறர் உயிரை. எனவே, கண்காணிப்பில் முதலிடம் கைப்பேசி மீறலுக்கே தரப்பட வேண்டும். அபராதத்தை மேலும் உயர்த்துவதைவிட, அதைத் தவறாமல் விதித்து வசூலிப்பதே பயன் தரும்.