ஒருங்கிணைந்த உடற்பயிற்சி

ஒருங்கிணைந்த உடற்பயிற்சி என்பது தாங்குதிறன் பயிற்சியையும் வலிமைப் பயிற்சியையும் ஒரே காலகட்டத்தில் சேர்த்துச் செய்யும் முறை ஆகும். ஓட்டம், மிதிவண்டி ஓட்டுதல், நீச்சல் முதலியன தாங்குதிறன் பயிற்சிகள். எடை தூக்குதல், தண்டால், பஸ்கி முதலியன வலிமைப் பயிற்சிகள். ஓடினால் தசை கரையும் என்றும், எடை தூக்கினால் ஓட்டத்தின் வேகம் குறையும் என்றும் பரவலான கருத்து உண்டு. இவை ஒன்றையொன்று ஓரளவு பாதிக்கக்கூடியவை என்பது உண்மையே. எனினும் அப்பாதிப்பு பயிற்சியின் அளவையும் இடைவெளியையும் பொறுத்தது. பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டிய தேவை இல்லை.

உடலில் ஏற்படும் மாற்றங்கள்

தாங்குதிறன் பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் குருதியின் அளவு கூடுகிறது. தசைகளில் குருதித் தந்துகிகளும், உயிரணுக்களில் ஆற்றலை உருவாக்கும் இழைமணிகளும் பெருகுகின்றன. இதனால் தசைகள் நெடுநேரம் களைப்படையாமல் இயங்குகின்றன.

வலிமைப் பயிற்சியால் தசை இழைகள் பருக்கின்றன. கூடுதலான இழைகளை ஒரே நேரத்தில் இயக்க நரம்பு மண்டலமும் பழகிக்கொள்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் சில வாரங்களில் வலிமை கூடுவதற்கு இப்பழக்கமே முதன்மையான காரணம் ஆகும்.

இடையீட்டு விளைவு

தாங்குதிறன் பயிற்சியால் வலிமையின் வளர்ச்சி குன்றுவது இடையீட்டு விளைவு எனப்படுகிறது. இதனை ஐக்கிய அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். அதில் மூன்று குழுக்கள் 10 வாரங்கள் பயிற்சி செய்தன. முதற் குழு வாரத்தில் 5 நாட்கள் எடைப் பயிற்சி மட்டும் செய்தது. இரண்டாம் குழு வாரத்தில் 6 நாட்கள், நாளொன்றுக்கு 40 நிமிடங்கள் ஓட்டமும் மிதிவண்டிப் பயிற்சியும் செய்தது. மூன்றாம் குழு இவ்விரண்டையும் முழு அளவில் செய்தது. மூன்றாம் குழுவினரின் வலிமை ஏறத்தாழ 7 வாரங்கள் வரை கூடி, பின்னர் தேங்கி, 9, 10 ஆம் வாரங்களில் குறைந்தது. அவர்களின் தாங்குதிறனோ இரண்டாம் குழுவினருக்கு இணையாகவே வளர்ந்தது.

அவர்கள் வாரத்தில் 11 முறை கடும் பயிற்சி செய்தனர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. மிதமான அளவில் செய்வோருக்கு இம்முடிவு அப்படியே பொருந்தாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2022 இல் வெளியான மீளாய்வு ஒன்று, ஒருங்கிணைந்த பயிற்சியால் தசை வளர்ச்சியோ உச்ச வலிமையோ குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை எனக் கண்டது. குதித்தல் போன்ற வெடிப்பு விசைத் திறன் மட்டும், குறிப்பாக இரு பயிற்சிகளையும் ஒரே வேளையில் செய்யும்போது, சற்றுக் குறைவாக வளர்ந்தது.

காரணங்கள்

நீண்ட ஓட்டம் தசையில் சேமிக்கப்பட்ட கிளைக்கோசனைத் தீர்த்துவிடுவதால், அடுத்து எடை தூக்கும்போது முழு விசையுடன் தூக்க முடிவதில்லை. மேலும் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் கால் தசைகள் உடலின் பளுவைத் தாங்கியபடி நீள்வதால் அவற்றில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. மிதிவண்டி ஓட்டுதலில் இச்சேதம் குறைவு. உயிரணுவில் ஆற்றல் குறையும்போது தூண்டப்படும் ஏ.எம்.பி.கே எனும் நொதி, புரத ஆக்கத்தைத் தூண்டும் எம்டோர் எனும் புரதத்தைத் தடுக்கிறது என்ற விளக்கமும் உண்டு. எனினும் மனிதரில் காணும் விளைவுகளை இது மட்டுமே முழுமையாக விளக்கிவிடுவதில்லை.

ஓட்டக்காரருக்கு வலிமைப் பயிற்சி

பின்லாந்தில் நடத்தப்பட்டு 1999 இல் வெளியான ஆய்வில், நெடுந்தொலைவு வீரர்கள் 9 வாரங்களுக்குத் தம் பயிற்சி நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குதித்தல், விரைவோட்டம், குறைந்த எடையை வேகமாகத் தூக்குதல் ஆகியவற்றுக்கு ஒதுக்கினர். அவர்களின் 5 கிலோமீட்டர் ஓட்ட நேரம் குறைந்தது. உடல் பயன்படுத்தும் உச்ச ஆக்சிசன் அளவில் உயர்வு இல்லை. அதே வேகத்தில் ஓடச் செலவாகும் ஆற்றலே குறைந்தது.

நலவாழ்வில் பங்கு

நடுத்தர வயதுக்குப் பின் தசையின் அளவும் வலிமையும் குறைகின்றன. ஓட்டம் இதயத்தைக் காத்தாலும் இவ்விழப்பை முழுமையாகத் தடுப்பதில்லை. நாற்காலியிலிருந்து எழுவதற்கும், படியேறுவதற்கும், முதுமையில் விழாமல் நடப்பதற்கும் தசை வலிமை தேவை. இரண்டாம் வகை நீரிழிவு உடையோரிடம் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரு பயிற்சிகளையும் சேர்த்துச் செய்த குழுவில்தான் நீண்டகாலக் குருதிச் சர்க்கரை அளவு, பயிற்சி செய்யாதோரை ஒப்பிட, குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது.

வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான தாங்குதிறன் பயிற்சியும், குறைந்தது 2 நாட்கள் வலிமைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2020 இல் பரிந்துரைத்தது.

பயிற்சியை அமைக்கும் முறை

* ஒரே வேளையில் இரண்டையும் செய்வதாயின், எது முதன்மையான நோக்கமோ அதனை முதலில் செய்தல் நன்று.
* இரண்டுக்கும் இடையே குறைந்தது 6 மணி நேர இடைவெளி விடுதல் நன்று. வெவ்வேறு நாட்களில் செய்வது மேலும் சிறந்தது.
* கால்களுக்கான கடும் எடைப் பயிற்சிக்கு மறுநாள் நீண்ட ஓட்டத்தையோ விரைவோட்டத்தையோ தவிர்த்து, மெதுவாக ஓடலாம்.
* போதிய உணவும் உறக்கமும் இன்றி இரு பயிற்சிகளையும் கூட்டிக்கொண்டே போகக்கூடாது.

எடுத்துக்காட்டாக, திங்களும் வியாழனும் வலிமைப் பயிற்சி, செவ்வாயும் வெள்ளியும் 30 நிமிட மெதுவோட்டம், ஞாயிறு 45 நிமிட ஓட்டம், புதனும் சனியும் ஓய்வு என அமைத்தால் மேற்கூறிய பரிந்துரை நிறைவேறும். புதிதாகத் தொடங்குவோர் இதிலும் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். இதய நோய், மூட்டு நோய் உடையோர் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும்.