கோலத்திலிருந்து கம்ப்யூட்டர் வகுப்புக்கு

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும்போது கவனித்திருப்பீர்கள். ஐந்து புள்ளியில் ஒரு கோலம் போடத் தெரிந்தவர், அதையே ஒன்பது புள்ளிக்கும் பதினைந்து புள்ளிக்கும் தயங்காமல் பெருக்கிவிடுவார். எப்படி என்று கேட்டால் ‘கை தானா போகுது’ என்பார். அந்தக் கைக்குத் தெரிந்த விதி என்ன என்று ஆராய்ந்தவர்கள், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இணையர். கமலா கிருத்திவாசனும் சேர்ந்துகொள்ள, கோலங்களுக்கான இலக்கண விதிகளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1974-இல் வெளிவந்தது.

நோம் சாம்ஸ்கி 1950-களில் வகுத்த இலக்கண விதிகள், ஒரே வரியில் எழுத்துகளை வளர்த்துக்கொண்டு போகும். இவர்கள் அதை நீளமும் அகலமும் உள்ள கட்டங்களுக்கு விரித்தார்கள். எந்தக் கோலத்தை எளிய விதிகளே வரைந்துவிடும், எதற்கு வலுவான விதிகள் வேண்டும் என்று வகை பிரித்தார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயரில் பட்டப்படிப்புகள் பரவாத காலத்தில், நம் வாசல் கோலம் இப்படி உலக ஆய்விதழ் ஒன்றில் ஏறியது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அடுத்து நடந்தது. கமலா கிருத்திவாசன் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பல்லாண்டு பாடம் நடத்தினார், பாடநூல் எழுதினார், அவருடைய வகுப்புகள் என்பிடெல் இணையத் தளம் வழியாக யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கின்றன. அந்த இலக்கண விதிகள் வரும் ‘தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்’ பாடம் என்றாலே நம் பொறியியல் மாணவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஐந்து யூனிட், பழைய கேள்வித்தாள், மனப்பாடம் என்று அது முடிந்துவிடுகிறது. அந்த விதிகளோடு மல்லுக்கட்டிப் புதிதாக ஒன்றைக் கண்டவர் நடத்தும்போது, இது ஏன் தேவைப்பட்டது, எங்கே போதாமல் போனது என்பதும் வகுப்புக்குள் வருகிறது.

சுதந்திர இந்தியாவில் ஆய்வு பெரும்பாலும் தனி நிறுவனங்களுக்குப் போனது; கல்லூரிகளுக்குப் பாடம் மட்டும் மிஞ்சியது. இந்தப் பிளவை எதிர்த்து தி.நகரில் ஒரு முயற்சி நடந்தது. மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தில் பல காலம் இருந்த கணித மேதை சி.எஸ். சேஷாத்ரி, 1989-இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். ஜி.என். செட்டி சாலையில் இயங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய சென்னைக் கணிதக் கழகம். 1998-இல் அங்கே, கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் இணைந்த பி.எஸ்சி. படிப்பு வந்தது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு ஆய்வாளர்களே முதல் பாடத்திலிருந்து நடத்தினார்கள். பட்டம் தரும் உரிமை அப்போது கழகத்துக்கு இல்லை. போபாலிலுள்ள போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகத்தான் பட்டம். 2005-இல் சிறுசேரிக்கு இடம்பெயர்ந்தார்கள்; மறு ஆண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது. ராணி சிரோமணியும் இந்தக் கழகத்தோடு இணைந்திருந்தார். இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பல செயல்கள் ஒரே நேரத்தில் நடக்கும் கணினி அமைப்புகளை ஆராய்பவர் மாதவன் முகுந்த். அவரே என்பிடெலில் பைத்தான் அரிச்சுவடியும் சொல்லித்தருகிறார்.

‘ஆராய்ச்சி எல்லாம் பிஎச்.டி.க்கு, பிள்ளைகளுக்கு வேலைக்கான பாடம் போதும்’ என்பவர்கள் 2002-ஐ நினைத்துப்பார்க்க வேண்டும். ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் சொல்லும் வழிமுறையை அந்த ஆண்டு கான்பூர் ஐ.ஐ.டி. அறிவித்தது. கணித உலகமே திரும்பிப் பார்த்த அந்தக் கட்டுரையில் பேராசிரியர் மணீந்திர அகர்வாலோடு கையெழுத்திட்ட நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்தவர்கள். அவர்களுடைய பி.டெக். புராஜெக்டில் தொடங்கிய வேலை அது.

தமிழ்நாட்டின் பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோர் படிப்பது இணைப்புக் கல்லூரிகளில். அங்குள்ள ஆசிரியர்களுக்குத் திறமை குறைவில்லை, நேரம்தான் இல்லை. வகுப்பு, விடைத்தாள், அட்மிஷன் வேலை, அங்கீகாரத்துக்கான கோப்புகள் என்று நாள் ஓடிவிடுகிறது. இதற்கிடையில் பதவி உயர்வுக்காக அவசரமாக அச்சாகும் கட்டுரைகளால் வகுப்பறைக்கு ஒரு பயனும் இல்லை. வாரத்தில் ஒரு முழு நாளை ஆசிரியருக்கு ஆய்வுக்கென்று கல்லூரி நிர்வாகங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். கவுன்சலிங்கிற்குக் கல்லூரி தேடும் பெற்றோர்களே, பிளேஸ்மென்ட் விவரத்தோடு இதையும் கேளுங்கள்: என் பிள்ளைக்குப் பாடம் நடத்தப்போகிறவர் இப்போது எந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்?