தீர்ப்பு தோற்ற இடத்தில் சமரசம்: பீகிள் தீவுகளின் கதை

1978 டிசம்பர் 12. சிலியின் வெளியுறவு அமைச்சர் எர்னான் குபில்லோஸ், அர்ஜென்டினத் தலைநகர் புவனஸ் ஐரிஸுக்கு வந்திருந்தார். எதிரே அர்ஜென்டின வெளியுறவு அமைச்சர் கார்லோஸ் பாஸ்டர். யாரை மத்தியஸ்தம் செய்ய அழைப்பது என்பதுதான் பேச்சு. அன்று பகலிலேயே இருவரும் ஒரு பெயரில் ஒத்துப்போனார்கள்: போப். இரவுக்குள் அந்த உடன்பாடு செத்துவிட்டது. அர்ஜென்டினாவை ஆண்ட ராணுவக் குழு, தன் அமைச்சரும் தன் அதிபர் விடேலாவும் ஒப்புக்கொண்டதை ஏற்க மறுத்தது. பத்தே நாளில் போர்க்கப்பல்கள் தெற்கு நோக்கி நகர்ந்தன.

அந்தப் போர் நடக்கவில்லை. நடக்காத போரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. நினைவுத்தூணும் படமும் அரிது. ஆனால் இரண்டு அண்டை நாடுகளுக்கு நடுவே மூன்றாவது ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்தால் என்னதான் செய்ய முடியும் என்று தெரிந்துகொள்ள, இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

எதற்காக இந்தச் சண்டை?

தென் அமெரிக்காவின் தென்கோடியில், கண்டம் உடைந்து தீவுகளாகச் சிதறும் இடத்தில் இருக்கிறது பீகிள் கால்வாய். கால்வாய் என்று பெயர் இருந்தாலும் யாரும் வெட்டியதல்ல. இயற்கையாகவே அமைந்த குறுகிய கடல்வழி. சார்லஸ் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் பெயர் அதற்கு. வடகரையில் அர்ஜென்டினாவின் உஷுவாயா நகரம். தென்கரையில் சிலியின் நவரினோ தீவு. கிழக்கு வாயில் பிக்டன், லென்னாக்ஸ், நுயேவா என்ற மூன்று தீவுகள். மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். குளிர்காற்றும் ஆடுகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய மனிதர்களும்.

1881-ல் இரு நாடுகளும் எல்லை ஒப்பந்தம் போட்டன. பீகிள் கால்வாய்க்குத் தெற்கே, கேப் ஹார்ன் வரை உள்ள தீவுகள் சிலிக்கு என்றது அது. படிக்க எளிதான வரி. ஆனால் கால்வாய் கிழக்கே எந்த வழியாகப் போய் முடிகிறது? பிக்டனுக்கும் நுயேவாவுக்கும் வடக்கே நேராகப் போகிறது என்றால், மூன்று தீவுகளும் தெற்கே விழும், சிலிக்குச் சேரும். நவரினோவை ஒட்டித் தெற்கே திரும்பிவிடுகிறது என்றால், மூன்றும் கால்வாய்க்குக் கிழக்கே நிற்கும், அர்ஜென்டினா கேட்கலாம். வரைபடத்தில் ஒரு கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பதில் ஒரு நூற்றாண்டுத் தகராறு ஒளிந்திருந்தது.

தீவுகள் வெறும் தொடக்கம்தான். 1970-களில் கடல்சட்டம் 200 கடல் மைல் உரிமையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. தீவு எவருடையதோ, அதைச் சுற்றிய கடலின் மீனும் அடியில் இருக்கக்கூடிய எண்ணெயும் அவருடையது. அண்டார்டிகாவில் இரு நாடுகளும் உரிமை கோரிக்கொண்டிருந்தன. அந்தக் கணக்கிலும் இந்தத் தீவுகளுக்கு எடை உண்டு. பசிபிக் சிலிக்கு, அட்லாண்டிக் நமக்கு என்பது அர்ஜென்டினர்கள் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்ந்த கொள்கை. தீவுகள் கைமாறினால் சிலி அட்லாண்டிக்கில் கால் வைத்துவிடும் என்பது அவர்களுடைய உண்மையான அச்சம். 1958-ல் ஸ்னைப் என்ற பாறைத் திட்டில் சிலி கட்டிய கலங்கரை விளக்கை அர்ஜென்டினக் கடற்படை தகர்த்தபோதே, கல்லும் மண்ணும் அல்ல பிரச்சினை என்பது தெரிந்துவிட்டது.

தீர்ப்பு வந்தது, தீரவில்லை

1971-ல் இரு நாடுகளும் அறிவுள்ள ஒரு காரியம் செய்தன. சர்வதேச நீதிமன்ற நீதிபதிகள் ஐந்து பேர் கொண்ட நடுவர் மன்றத்திடம் வழக்கை ஒப்படைத்தன. முன்பே இருந்த ஒப்பந்தத்தின்படி தீர்ப்பை முறைப்படி வெளியிடும் பொறுப்பு பிரிட்டன் ராணியுடையது. இதில் புதுமை ஒன்றுமில்லை. 1902-ல் இதே இரு நாடுகளின் ஆண்டிஸ் மலை எல்லையைப் பிரிட்டன் மன்னர் தீர்த்துவைத்தார், இருவரும் ஏற்றார்கள், 1904-ல் மலைக்கணவாயில் இயேசு சிலை ஒன்றை நிறுவி, சமாதானத்தின் அடையாளம் என்றார்கள்.

1977 மே மாதம் தீர்ப்பு வெளியானது. மூன்று தீவுகளும் சிலிக்கு. 1978 ஜனவரி 25 அன்று அர்ஜென்டினா அதைச் செல்லாது என்று அறிவித்தது.

நடுவர் தீர்ப்புக்கும் மத்தியஸ்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். நடுவர் தீர்ப்பு சொல்வார். கட்டுப்படுவோம் என்று இரு தரப்பும் முன்பே எழுதிக் கொடுத்திருப்பார்கள். மத்தியஸ்தர் வழி சொல்வார். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். கேட்கும்போது முன்னதுதான் வலுவானதாகத் தோன்றும். ஆனால் வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போன பங்காளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தீர்ப்பில் ஒருவர் ஜெயிக்கிறார், ஒருவர் தோற்கிறார், தோற்றவர் அதே ஊரில்தான் இருக்கிறார். பீகிள் தீர்ப்பில் சட்டப் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. அர்ஜென்டினாவிடம் ‘கிடைத்தது’ என்று மக்களிடம் காட்ட ஒன்றும் இல்லாமல் போனதுதான் அதன் பலவீனம். அதோடு, அர்ஜென்டினா தன்னுடையவை என்று கோரும் மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுகளைப் பிடித்து வைத்திருக்கும் பிரிட்டனின் பெயரால் வந்த தீர்ப்பு என்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது.

1978-ன் தொடக்கத்தில் விடேலாவும் சிலி அதிபர் பினோசேயும் முதலில் அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலும் பிறகு சிலியின் புவெர்ட்டோ மொண்ட்டிலும் நேரில் சந்தித்தார்கள். பேச்சு நீண்டது, படைகளும் குவிந்தன. டிசம்பர் 22 தாக்குதல் நாள் என்று அர்ஜென்டின ராணுவம் குறித்திருந்தது. அன்று தென்கடலில் கடும் புயல், கப்பல்கள் திணறின. அதே நாளில் போப் இரண்டாம் ஜான் பால், தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் இரண்டாம் அருள் சின்னப்பர் என்று அழைத்தவர், தன் தனித்தூதரை அனுப்பத் தயார் என்று அறிவித்தார். அவர் பதவிக்கு வந்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. படைகள் திரும்ப உத்தரவு போனது. புயல் காப்பாற்றியதா, போப் காப்பாற்றினாரா என்ற விவாதம் இன்றும் உண்டு. புயல் சில மணி நேரத்தைத்தான் தந்திருக்கும்; அந்த மணி நேரத்தில் பின்வாங்க ஒரு கௌரவமான காரணம் கைக்குக் கிடைத்தது என்பதே என் முடிவு. இரண்டும் கத்தோலிக்க நாடுகள். பகைவனுக்குப் பணிந்தான் என்ற பழி தளபதிகளுக்கு வரலாம். போப்பின் சொல்லுக்கு இணங்கினான் என்பது பழியாகாது.

எழுபத்து மூன்று வயதுத் தூதர்

டிசம்பர் 26 அன்று புவனஸ் ஐரிஸில் வந்து இறங்கினார் கர்தினால் அந்தோனியோ சமோரே. இத்தாலியர், வயது 73. வத்திக்கானின் தூதராகக் கொலம்பியாவில் பணியாற்றியவர், லத்தீன் அமெரிக்காவை நன்கு அறிந்தவர். இரண்டு வாரம் இரு தலைநகரங்களுக்கும் இடையே பறந்தார். சுரங்கப் பாதையின் கோடியில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிகிறது என்று அவர் செய்தியாளர்களிடம் சொன்னது இரு நாடுகளிலும் பலர் வாயில் புழங்கும் சொல்லாகிவிட்டது.

அவர் யாரோடு பேசினார் என்பதையும் மறைக்கக் கூடாது. இரண்டு நாடுகளிலும் சர்வாதிகாரம். தங்கள் சொந்த மக்களில் ஆயிரக்கணக்கானவர்களைச் சித்திரவதை செய்து கொன்றவர்கள், காணாமல் ஆக்கியவர்கள். அவர்களோடு ஒரே மேசையில் உட்காருவது எந்த மனசாட்சியுள்ளவருக்கும் எளிதல்ல. ஆனால் துப்பாக்கி அவர்கள் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கும்படி கேட்க வேண்டியவர்களும் அவர்கள்தான். போர் வந்திருந்தால் பனியில் செத்திருக்கக்கூடியவர்கள் தளபதிகள் அல்ல, கட்டாய ராணுவச் சேவைக்கு இழுத்து வரப்பட்ட பதினெட்டு வயதுப் பையன்கள்.

1979 ஜனவரி 8 அன்று உருகுவே தலைநகர் மொண்டேவிடியோவில், அதே பாஸ்டரும் அதே குபில்லோஸும் கையெழுத்திட்டார்கள். அந்த ஆவணத்தில் தீவுகளைப் பற்றி ஒரு முடிவும் கிடையாது. போப் மத்தியஸ்தம் செய்ய வேண்டும் என்று இரு தரப்பும் கேட்டன. பலத்தைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதி தந்தன. 1977-ன் தொடக்கத்தில் இருந்த நிலைக்குப் படைகளைப் படிப்படியாகத் திருப்புவதாக ஒப்புக்கொண்டன. இந்த உறுதி இல்லாமல் வத்திக்கான் பொறுப்பேற்காது என்பதில் சமோரே பிடிவாதமாக இருந்தார். முதலில் கத்தியை உறையில் போடு, கணக்கை அப்புறம் பார்ப்போம் என்ற வரிசை அது. பல சமாதானப் பேச்சுகள் இந்த வரிசை தலைகீழானதால்தான் முறிகின்றன.

பேச்சுவார்த்தை 1979 மே மாதம் ரோமில் தொடங்கியது. சமோரே இரு குழுக்களையும் பெரும்பாலும் தனித்தனியே சந்தித்தார். எதிரி காதில் விழாத அறையில்தான் ஒரு தூதர், தன் நாடு எதை விட்டுக்கொடுக்கும் என்று வாய்திறப்பார். கேட்டதை அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோகாமல், எது பொருந்தும் எது பொருந்தாது என்று மனத்துக்குள் தைத்துக்கொண்டே இருப்பதுதான் மத்தியஸ்தரின் உழைப்பு.

1980 டிசம்பர் 12 அன்று போப் தன் யோசனையை இரு அரசுகளிடமும் கொடுத்தார். தீவுகள் சிலிக்கு. ஆனால் தீவுகளைச் சுற்றிச் சிலிக்குக் குறுகிய கடல்தான். அதற்கு அப்பால், இரு நாடுகளும் சேர்ந்து பயன்படுத்தும் அகன்ற அமைதிக் கடல். முடிச்சு இங்கேதான் அவிழ்ந்தது. நிலத்தையும் நீரையும் ஒரே கேள்வியாக வைத்திருந்தவரை யாராவது ஒருவர் தோற்றே ஆக வேண்டும். இரண்டையும் பிரித்ததும், சிலிக்கு வேண்டிய மண்ணும் அர்ஜென்டினாவுக்கு வேண்டிய அட்லாண்டிக்கும் ஒரே காகிதத்தில் இடம் பிடித்தன.

சிலி ஏற்றது. அர்ஜென்டினா ‘ஆம்’ என்று சொல்லவே இல்லை.

பிறகு வந்தவை வறண்ட ஆண்டுகள். 1981 ஏப்ரலில் அர்ஜென்டினத் தரைப்படைத் தலைவர் கால்டியரி சிலி எல்லையையே மூடினார். 1982-ல் அதிபராக இருந்த அவர் மால்வினாஸில் படையை இறக்கினார். ஜூன் 14-ல் அர்ஜென்டினா பிரிட்டனிடம் சரணடைந்தது. 1983 பிப்ரவரியில் சமோரே இறந்துபோனார். தான் தொடங்கியது எப்படி முடியும் என்று பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நினைக்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் மேசை கலையவில்லை. வத்திக்கான் இரு தரப்பையும் எழுந்து போகவிடாமல் வைத்திருந்தது. இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத சாதனை இதுதான் என்பேன்.

மக்களிடம் போன கேள்வி

1983 டிசம்பரில் அர்ஜென்டினாவில் மக்களாட்சி திரும்பியது. புதிய அதிபர் ரவுல் அல்ஃபோன்சின் இந்த வழக்கை முடித்தே தீருவது என்று இறங்கினார். மேலவையில் அவருக்குப் பெரும்பான்மை இல்லை. ஆகவே, பேச்சில் உருவான ஒப்பந்தத்தின் மீது, சட்டப்படி கட்டாயமில்லாத ஒரு பொது வாக்கெடுப்பை அறிவித்தார். வெளியுறவு அமைச்சர் டாண்டே கபூட்டோவும் எதிர்க்கட்சியான பெரோனியக் கட்சியின் மேலவை உறுப்பினர் விசென்டே சாடியும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதிட்டதை நாடே பார்த்தது. 1984 நவம்பர் 25 அன்று வாக்களித்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கும் மேல் ஒப்பந்தத்தை ஆதரித்தார்கள். நான்கு நாள் கழித்து வத்திக்கானில் அமைதி, நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. இத்தனைக்குப் பிறகும் 1985 மார்ச்சில் அர்ஜென்டின மேலவையில் அது ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்தான் தப்பியது: 23-க்கு 22.

இறுதி ஒப்பந்தத்தில் அமைதிக் கடல் இல்லை. இரு தரப்பும் தெளிவான கோட்டையே விரும்பின. தீவுகள் சிலிக்கு, கிழக்குக் கடலின் பெரும்பகுதி அர்ஜென்டினாவுக்கு, அர்ஜென்டினக் கப்பல்கள் சிலி நீர்ப்பரப்பு வழியே போகத் தனி விதிகள், நாளைக்கு வேறு தகராறு வந்தால் முதலில் சமரச ஆணையம், பிறகு நடுவர் மன்றம். தீவுகளைப் பொறுத்தவரை 1977 தீர்ப்பு சொன்னதேதான் முடிவு. அன்று ‘செல்லாது’ என்று தூக்கி எறிந்த அதே விடையை ஏழு ஆண்டு கழித்து அர்ஜென்டின மக்கள் வாக்குப்பெட்டியில் ஏற்றார்கள். நடுவே தோற்ற ஒரு போரும் விழுந்த ஒரு சர்வாதிகாரமும் உண்டு. அவை மத்தியஸ்தர் வரவழைத்தவை அல்ல. அவை வந்து சேரும்வரை வழக்கை உயிரோடு வைத்திருந்தது மட்டும் மத்தியஸ்தம்.

ஆண்டிஸ் மலையில் சிலியின் ஓசோர்னோ பக்கமிருந்து அர்ஜென்டினாவுக்குப் போகும் கணவாய்க்கு இன்று கர்தினால் அந்தோனியோ சமோரே என்று பெயர். அந்தப் பதற்ற நாட்களில் சிலி தெற்கில் புதைத்த கண்ணிவெடிகள் ஒப்பந்தத்துக்குப் பிறகும் பல்லாண்டுகள் மண்ணிலேயே கிடந்தன. தன் மண்ணிலிருந்த கடைசிக் கண்ணிவெடியை அகற்றிவிட்டதாகச் சிலி அறிவித்தது 2020-ல்தான்.