தேநீரும் பிஸ்கட்டும் அறிந்த இயந்திரம்

தேநீரோடு பிஸ்கட் பரிமாறுவார்கள் என்பதை ஒரு கணினி இணையப் பக்கங்களை வாசித்தே தெரிந்துகொண்டது. அதன் பெயர் நெல் (NELL). அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் 2010 ஜனவரியில் அதை இயக்கிவைத்தார்கள். இரவு பகலாக வாசித்து, 2015இல் அது 8 கோடிக்கும் மேற்பட்ட தகவல்களைச் சேர்த்திருந்தது. ஒவ்வொன்றையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற மதிப்பீடும் கூடவே இருந்தது.

தொடக்கத்தில் மனிதர்கள் கொடுத்தது கொஞ்சம்தான்: நகரம், நிறுவனம், உணவு போன்ற வகைகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து உதாரணங்கள். மற்றதை எப்படிக் கற்றது என்பதை இலங்கையின் பலாங்கொடையை வைத்துப் பார்க்கலாம். இரத்தினபுரி, பலாங்கொடை, ஹட்டன் ஆகியவை நகரங்கள் என்று சொல்லிவிடுகிறோம். 'மாவட்டத்திலுள்ள' என்ற சொல்லுக்குப் பின்னால் இந்தப் பெயர்கள் அடிக்கடி வருவதை இயந்திரம் கவனிக்கிறது. பிறகு அதே சொல்லுக்குப் பின்னால் வருவதையெல்லாம் நகரமாக எடுக்கப் பார்க்கிறது. மாவனெல்லை கிடைத்தால் சரி. பெட்டியாகலையும் கிடைக்கும், அது தேயிலைத் தோட்டம். தோட்டம் என்று காட்டும் வேறு சொற்றொடர்களும் அதைச் சுற்றி இருந்தால், 'ஒன்றே நகரமாகவும் தோட்டமாகவும் இருக்காது' என்ற விதி தடுத்துவிடும். இப்படி வகைகளை ஒன்றோடொன்று பிணைத்ததுதான் நெல்லின் உயிர்நாடி என்பேன்.

அப்படியும் தவறியது. இணையத்தளங்கள் நம் கணினியில் விட்டுச்செல்லும் 'குக்கீ'யை அது அடுமனைப் பண்டம் என்று எண்ணிக்கொண்டது. குக்கீகளை அழித்தேன் என்று எழுதுகிறவர்கள் கோப்புகளை அழித்தேன் என்றும் எழுதுவார்கள் அல்லவா? உடனே கோப்பும் பண்டமாகிவிட்டது. தானே கற்கும் இயந்திரத்தில் ஒரு பிழை அடுத்த பிழைக்கு ஆசிரியராகிவிடும். அதனால் அவ்வப்போது மனிதர்கள் திருத்த வேண்டியிருந்தது.

தமிழில் வேலை இன்னும் கடினம். பலாங்கொடையில், பலாங்கொடைக்கு, பலாங்கொடையிலிருந்து எல்லாம் ஒரே ஊர் என்று முதலில் புரிய வேண்டும். 'பலாங்கொடை மனிதன்' என்றால் இன்று அங்கே குடியிருப்பவர் அல்லர், வரலாற்றுக்கு முந்திய மக்கள் என்பதும் புரிய வேண்டும்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. எழுதப்படாததை எந்த இயந்திரமும் வாசிக்க முடியாது. தேநீரைக் குடிப்பவர்கள் இணையத்தில் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். தேயிலை பறிப்பவர்கள் எழுதியது மிகக் குறைவு. காலையில் தொழிலாளர்கள் கூடும் பிரட்டுக்களத்தில் வேலை பிரிப்பது, செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் மறுபடி கொழுந்து வரும்வரை காத்திருப்பது, எத்தனை கிலோ எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, என்ற கணக்கு எல்லாம் தோட்ட லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த உண்மைகள். இன்றைய உரையாடும் செயலிகள் நெல்லைப் போலத் தகவல்களைத் தனித்தனியாக அடுக்கிவைப்பதில்லை. ஆனாலும் அவையும் எழுத்தில் இருந்துதான் கற்கின்றன.

இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவாக்கிவரும் நூலகம் திட்டத்தில் மலையக எழுத்துகளும் இருக்கின்றன. அவற்றில் பல இன்னும் பக்கங்களின் படங்களாகவே உள்ளன. அந்தப் படங்களைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றி, பிழை திருத்தும் வேலைக்குத் தோட்டத்து மொழி தெரிந்தவர்கள் வேண்டும். கவ்வாத்தையும் பிரட்டையும் பிழையென்று நினைத்து மாற்றிவிடாதவர்கள் அவர்கள்தான்.