நெற்காணிக் குத்தகையும் மிகை அறவீடும்: வீரமுனை வட்டாரம் குறித்து

வாடகை மிகை அறவீடு என்றதும் நகரத்து வீடும் கடையுமே நம் நினைவுக்கு வருகின்றன. வீரமுனை, சம்மாந்துறை, கல்முனை வட்டாரத்திலோ இப்பிணக்கின் களம் வயலாகும். இன்னும் நுணுகிச் சொன்னால், நெல் அளக்கப்படும் களவெட்டியாகும்.

1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் பிலிப் குணவர்த்தனா அமைச்சராயிருந்த காலத்தில் நிறைவேறியது. குத்தகை விவசாயியின் உரிமையை நிலையானதாக்கிய அச்சட்டம், குத்தகைக்கு உச்ச வரம்பும் விதித்தது: ஏக்கருக்கு 12 புசல் அல்லது விளைவில் காற்பங்கு, இவற்றுள் எது குறைவோ அது. வழக்கிலிருந்ததோ பெரும்பாலும் அரைப்பங்கு. ஏக்கரொன்று 40 புசல் தருமாயின் சட்டப்படி உரியது 10. அரைப்பங்கு வழக்கில் போவது 20. இடையிலுள்ள 10 புசலே மிகை.

கணக்கு இவ்வளவு எளிதாயிருந்தும் முறைப்பாடு எழாதது ஏன்? களவெட்டியில் பற்றுச்சீட்டு எழுதுவாரில்லை. விதைநெல், எரு, எருமை, கைமாற்று யாவும் போடியாரிடமிருந்தே வருவதால், அவற்றின் கழிவோடு குத்தகையும் ஒரே குவியலிலிருந்து அளக்கப்படுகின்றது. எது குத்தகை, எது வட்டி என எவர் பிரித்துக் காட்டுவார்? அதனினும் கூரிய வாதமொன்றுண்டு. முல்லைக்காரர் குத்தகை விவசாயியல்லர், கூலிபெறும் வேலையாளே என்று நிலவுடைமையாளர் கூறிவிட்டால், மிகை என்னும் பேச்சுக்கே இடமில்லாது போகின்றது. வெளியேற்றப்படும் அச்சமும் வெறுங்கற்பனையன்று. சட்டம் நடைமுறைக்கு வந்ததும் நாட்டின் பல பகுதிகளில் குத்தகை விவசாயிகள் காணிகளினின்றும் அகற்றப்பட்டனர்.

நிலவுடைமையாளர் எல்லோரும் பெரும் போடியார் என்று கொள்வதும் பிழையாகும். இக்கரையோரத்தில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், வயல் சீதனமாகப் பெண்மக்களுக்குச் செல்வதுண்டு. ஓரிரு ஏக்கரை நம்பி வாழும் கைம்பெண்ணுக்குக் காற்பங்கு போதாது. ஏரைப் பிடித்தவனுக்கு அரைப்பங்கு இழப்பு கட்டுபடியாகாது. இப்பிணக்கை இனப்பிணக்காக மட்டும் காண்போர் இவ்வுற்பத்தி உறவைத் தவறவிடுகின்றனர்.

1973, 1979, 2000 ஆகிய ஆண்டுகளில் புதிய சட்டங்கள் வந்தன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழும் உரிமைக்கு முதற் சான்று, கமக்காரர் பெயர் பதிவேட்டில் இருப்பதேயாகும். 1990இன் வன்செயல்களில் வீரமுனை மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர நேர்ந்ததை இங்கு மறக்கலாகாது. பயிர்ச்செய்கை அறுந்து, பெயரும் பதிவேட்டில் இல்லாதவர், மிகையாக அளந்துகொடுத்த நெல்லை மீளக் கேட்குமுன், தாம் அவ்வயலைச் செய்தவர் என்பதையே நிறுவவேண்டியுள்ளது.