முன்சில்லு ஆடினால்

தேத்தண்ணி சூடாக இருக்கிறது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஆறுதலாகக் கேளுங்கள். பழைய பெட்போட் லொறி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஸ்ரியறிங் ஆடுது, கிங்பின் மாத்தினால் சரிவருமோ?" வரலாம், வராமலும் போகலாம். ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல் சாமான் வாங்குவது வீண்செலவு.

முதலில் அமைப்பை விளங்கிக்கொள்ளுங்கள். இந்த லொறிகளின் முன் அச்சு திரும்பாது. அது வில்லுத்தகட்டில் கட்டப்பட்ட ஒரே இரும்புத் துண்டு. அதன் இரு முனைகளிலும் செங்குத்தாக நிற்பதுதான் கிங்பின். சில்லைத் தாங்கும் ஸ்ரப் அக்ஸில், கதவு பிணைச்சலில் திரும்புவதுபோல, இந்தப் பின்னைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அக்ஸிலின் துளைகளில் மேலும் கீழும் ஒவ்வொரு புஷ். லொறியின் பாரத்தை வாங்குவது அச்சுக்குக் கீழே இருக்கும் பெயறிங். இடது சில்லையும் வலது சில்லையும் சேர்த்துத் திருப்புவது ரை றொட்.

யாழ்ப்பாணக் கடற்கரையில் உள்ள கீரிமலைப் பக்கம் இந்தப் பாகங்கள் கெதியாகத் தேய்வதற்குக் காரணம் உண்டு. கடற்காற்று உப்பைக் கொண்டுவருகிறது. சுண்ணாம்புக்கல் நிலம் தூசியைத் தருகிறது. கிறீஸ் காய்ந்த இடத்தில் துருவும் தூசியும் சேர்ந்தால், அந்தக் கலவையே புஷ்ஷை அராவிவிடும்.

இனிச் சோதனை. பின்சில்லுகளுக்குக் கல் அண்டைகொடுத்து, அச்சுக்குக் கீழே ஜக் வைத்து முன்சில்லை உயர்த்துங்கள். சில்லின் மேலையும் கீழையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை ஏறியிருந்து பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பிழை சில்லுப் பெயறிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னில். அடுத்து இரு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டி, ரை றொட் முனைகளைப் பாருங்கள். கடைசியில் சில்லை நிலத்தில் இறக்கி, ஒருவர் ஸ்ரியறிங்கை இடமும் வலமும் சற்றே அசைக்க, மற்றவர் கீழே பார்க்கட்டும். எந்த மூட்டு அசைவை அடுத்த பாகத்துக்குக் கொடுக்காமல் விழுங்குகிறதோ, அதுதான் குற்றவாளி.

கிங்பின்தான் என்று தெரிந்தால், அதை அச்சில் பூட்டி வைத்திருக்கும் கொட்டர் பின்னை முதலில் கழற்ற வேண்டும். துருப்பிடித்திருந்தால் முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பிறேக் தட்டைக் கழற்றும்போது ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டி வையுங்கள். பழைய பின் வந்ததும் அச்சின் துளையை அளந்து பாருங்கள். துளையே அகன்றிருந்தால் எந்தப் புது புஷ்ஷும் அந்த ஆட்டத்தை நிறுத்தாது.

புது புஷ்ஷை இறுக்கும்போது அதன் துளை கிறீஸ் நிப்பிளின் துளைக்கு நேரே நிற்க வேண்டும். பிறகு மேல் கீழ் இரண்டையும் ஒரே நீள றீமரால் ஒரே ஓட்டத்தில் கடைய வேண்டும். தனித்தனியாகக் கடைந்தால் இரண்டும் ஒரே கோட்டில் வராது, கிங்பின் இறுகும். பெருவிரலால் அழுத்தினால் பின் இறங்க வேண்டும், ஆனால் கலகலக்கக் கூடாது. மேல்கீழ் இடைவெளியைத் தகட்டு வொஷரால் சரிசெய்யுங்கள்.

ரை றொட் முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணிவைத்து, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். ஸ்பிளிற் பின்னை எப்போதும் புதிதாகவே போடுங்கள். முடிவில் இரு சில்லுகளுக்கும் இடையே முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அளந்து பாருங்கள். பழைய லொறிகளில் முன்பக்கம் பெரும்பாலும் சில மில்லிமீற்றர் குறுகி நிற்கும். சரியான அளவை அந்த லொறியின் கைநூலில் பாருங்கள்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் கிடைக்காதபோது, இருந்ததைக் கடைந்தும் பொருத்தியும் வண்டியை ஓடவைத்த கைத்திறனை நான் மதிக்கிறேன். அந்தத் திறன் இன்றும் வேண்டும். நல்ல கடைச்சல் பட்டறையில் வெண்கல புஷ் செய்யலாம். ஆனால் ரை றொட் முனையிலோ ஸ்ரியறிங் கையிலோ வெல்டிங் வைக்கக் கூடாது. புஷ் தேய்ந்தால் லொறி ஆடிக் காட்டி எச்சரிக்கும். வெல்டிங் விட்டுப்போனால் எச்சரிக்கையே இல்லை.

வேலை முடிந்தபின் கிறீஸ் அடிக்கும் முறைதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சில்லு நிலத்தில் நின்றால் பாரம் அச்சுக்குக் கீழுள்ள பெயறிங்கை அமுக்கி, கிறீஸை உள்ளே விடாது. ஜக்கில் உயர்த்தி, சில்லை இரு பக்கமும் திருப்பித் திருப்பி, பழைய கிறீஸ் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள்.

ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் தீர்க்க வரும் சனம் கீரிமலை வீதியை நிரப்பி நடக்கும். அந்த வீதியில் லொறி விடுகிறவர், பெயின்ற் அடிப்பதற்குக் காசு சேர்க்குமுன் முன் அச்சுக்குச் சேர்க்கட்டும்.